கடல் விலகி நிற்கும் வேளை

கோடை விடுமுறை வந்துவிட்டால், பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்னும் கேள்வி ஒவ்வோர் இல்லத்திலும் எழுகின்றது. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் குடும்பத்தோடு சென்று தங்கும் வசதி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் கடற்கரை செல்வர்க்கும் எளியவர்க்கும் பொதுவானது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடற்கரையைக் கொண்டது நம் தமிழ்நாடு. வேளாங்கண்ணிக்கும் மணப்பாட்டுக்கும் திருப்பயணம் செல்லும் நம் குடும்பங்கள், வழிபாடு முடிந்ததும் கடலை நோக்கித்தான் நடக்கின்றன. அலையில் கால் நனைக்கின்றோம். சுண்டல் வாங்கித் தின்கின்றோம். பிள்ளைகள் மணல்வீடு கட்டுகின்றனர். பொழுது சாய்ந்ததும் உடையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுத் திரும்புகின்றோம். கடலைப் பார்த்துவிட்டோம் என்று நிறைவும் கொள்கின்றோம்.

உண்மையில் நாம் பார்த்தது கடலின் மேற்பரப்பை மட்டுமே. அதன் உள்ளே இருப்பவற்றைக் காணப் படகும் வேண்டியதில்லை, மூழ்கும் கருவியும் வேண்டியதில்லை. நாள்தோறும் இருமுறை கடலே சற்றுப் பின்வாங்கி, தன் வாசலைத் திறந்து காட்டுகின்றது. அவ்வேளையை அறிந்து சென்று, குனிந்து பார்க்கும் பொறுமை நமக்கு இருந்தால் போதும்.

ஓதத்தின் கணக்கு

கடல்நீர் ஏறுவதையும் இறங்குவதையும் நம் முன்னோர் ஓதம் என்றனர். நிலவின் ஈர்ப்பும், ஓரளவுக்குக் கதிரவனின் ஈர்ப்புமே அதற்குக் காரணம். நம் கரையில் நீர் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்குகின்றது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆறேகால் மணி நேரம் செல்லும். நிலவு நாள்தோறும் பிந்தி எழுவதால், இவ்வேளைகளும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகின்றன. இன்று காலை 6 மணிக்கு நீர் மிகவும் வற்றியிருந்தால், நாளை அதைக் காண 7 மணிக்குச் சற்று முன்பாகச் செல்லவேண்டும்.

அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் நிலவும் கதிரவனும் பூமியோடு ஒரே நேர்கோட்டில் நின்று இழுக்கின்றன. ஆகையால் அந்நாள்களிலும், அவற்றை அடுத்த ஓரிரு நாள்களிலும் நீர் மிக உயர்ந்து, மிகத் தாழ்ந்து வற்றும். அட்டமியை ஒட்டிய நாள்களில் இரண்டும் வெவ்வேறு திசையில் இழுப்பதால் ஏற்றமும் குறைவு, இறக்கமும் குறைவு. எனவே கரையோர உயிர்களைக் காண விரும்புவோர் நாள்காட்டியில் முதலில் தேடவேண்டியது அமாவாசையையும் பௌர்ணமியையுமே. இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகின்றது. அது கையில் இல்லையெனில், கரையில் வலை காயப்போடும் எவரையும் கேளுங்கள். அவர்கள் வாழ்வே இக்கணக்கின்மேல்தான் நடக்கின்றது.

குசராத்தின் காம்பே வளைகுடாவில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு 10 மீட்டரை எட்டும். நம் கரையிலோ அது ஒரு மீட்டர் அளவே. பல இடங்களில் அதனினும் குறைவு. நமக்குத் திறக்கும் வாசல் மிகக் குறுகியது. ஆயினும் அதனுள் குடியிருப்போர் தொகை சிறிதன்று.

மணலுக்குள் ஒரு குடியிருப்பு

வெறும் மணற்கரையில் உயிர்கள் ஏது என்று எண்ணவேண்டாம். அலை வந்து திரும்பும் ஓரத்தில் அசையாமல் நின்று, காலடி மணலை நோக்குங்கள். நீர் வடியும்போது மணலின்மேல் அம்புமுனை போன்ற சிறு வடுக்கள் நிறையத் தோன்றும். அவ்விடத்து மணலை இரு கைகளாலும் அள்ளினால், முட்டை வடிவான சாம்பல்நிற உயிர் ஒன்று உள்ளங்கையில் குறுகுறுவென்று பின்னோக்கித் துளைக்கும். அது நண்டினத்தைச் சேர்ந்தது. ஆனால் கொடுக்கில்லை, கடிப்பதுமில்லை. கடலை நோக்கியபடி மணலுள் புதைந்து, இறகு போன்ற உணர்கொம்புகளை மட்டும் வெளியே விரித்து, திரும்பும் அலையிலிருந்து நுண்ணுணவைச் சலித்து உண்ணுகின்றது. பெண்ணுயிரின் அடிவயிற்றில் செம்மஞ்சள் நிற முட்டைத்திரள் ஒட்டியிருப்பதையும் சில வேளை காணலாம். சென்னைக் கடற்கரையில் இவ்வுயிரை அறிஞர் பலர் பல்லாண்டுகளாக ஆராய்ந்துள்ளனர்.

அதே மணலில் விரல்நகம் அளவுள்ள மட்டிகளும் உண்டு. அலை அவற்றை வெளிப்படுத்தியதும், ஓட்டின் இடுக்கிலிருந்து நாக்கைப் போன்ற ஒரு கால் நீளும், மணலைக் குத்தும், ஓடு நிமிர்ந்து சில நொடிகளில் மறைந்துவிடும். யார் முந்திப் புதைகின்றார் என்று பிள்ளைகள் இவற்றைப் பார்த்து நெடுநேரம் மகிழ்வர்.

சற்று மேலே, உலர்ந்த மணலில், வளைதோண்டும் நண்டுகள் வாழ்கின்றன. சங்கப் பாடல்களில் அலவன் எனப் பெயர் பெற்றதும், நெய்தல்நிலப் பெண்கள் துரத்தி விளையாடியதும் நண்டே. காம்பின் நுனியில் நிற்கும் கண்களால் எல்லாத் திசையும் நோக்கும். காற்றிலேயே மூச்சுவிட்டாலும், செவுள் உலர்ந்துவிட்டால் இறந்துவிடும். ஆகையால் அவ்வப்போது ஓடிச் சென்று கடல்நீரில் நனைந்து திரும்பும். தரையில் வாழ்ந்தபோதும் தன் குஞ்சுகளைக் கடலிலேயே விடுகின்றது.

பாறையின் மாடிகள்

மணலினும் வளமானது பாறைக்கரை. கன்னியாகுமரியிலும், மாமல்லபுரத்திலும், தூத்துக்குடியிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தெற்கேயுள்ள மணப்பாட்டிலும் கடலுக்குள் இறங்கும் பாறைகள் உள்ளன. இயற்கைப் பாறை இல்லாத ஊர்களில் துறைமுகச் சுவர்களிலும், மீனவர் கேட்டுப் பெற்ற தூண்டில் வளைவுகளின் கற்களிலும் இவ்வுயிர்கள் வந்து குடியேறிவிடுகின்றன.

நீர் வற்றியபின் பாறையை மேலிருந்து கீழாகப் பார்த்தால், மாடிவீட்டில் வெவ்வேறு குடும்பங்கள் வாழ்வதைப் போன்ற ஒழுங்கு தெரியும். அலையின் தூவானம் மட்டும் படும் உச்சியில் கடுகும் மிளகும் போன்ற சிறு நத்தைகள். அதன்கீழ் வெண்மையான கூம்புகளாக ஒட்டியிருப்பவை கொட்டலசுகள். அடுத்துப் பாறைச் சிப்பிகள். நீர் அரிதாகவே விலகும் அடிமட்டத்தில் பாசிகளும், பூக்களைப் போன்ற மென்மையான உயிர்களும். எவ்வளவு நேரம் வெயிலையும் வறட்சியையும் பொறுக்க இயலுமோ, அதற்கேற்ற மாடியிலேயே ஒவ்வொன்றும் வாழ்கின்றது.

கொட்டலசுகளை மீனவர் நன்கறிவர். படகின் அடியில் ஒட்டி அதன் விரைவைக் குறைப்பவை இவையே. ஓட்டைப் பார்த்து இவற்றைச் சிப்பியினம் என்றே உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. 1830-ஆம் ஆண்டளவில்தான், இவற்றின் இளம் பருவத்தைக் கண்ட அறிஞர் தாம்சன், இவை இறாலுக்கும் நண்டுக்கும் உறவின என்று காட்டினார். சார்லசு டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டாண்டுகள் கொட்டலசுகளையே ஆராய்ந்தார் என்றால் இவற்றின் நுட்பம் விளங்கும். இளமையில் நீந்தித் திரியும் இவ்வுயிர், தக்க இடம் கண்டதும் தலையைப் பாறையில் ஒட்டிக்கொள்கின்றது; பின்னர் வாழ்நாள் முழுவதும் தலைகீழாக இருந்து, கால்களை வெளியே நீட்டி வீசி உணவு திரட்டுகின்றது. நீர் விலகியதும் கதவுகளை இறுக மூடி உள்ளே ஈரத்தைக் காத்துக்கொள்ளும். கொட்டலசுகள் ஒட்டிய சிறு கல் ஒன்றைக் குட்டையின் நீரில் மூழ்கவைத்துச் சிறிது நேரம் காத்திருங்கள். கதவு திறக்கும், இறகு போன்ற கால்கள் வெளிவந்து வீசத் தொடங்கும். பின்னர் கல்லை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

தொப்பியைக் கவிழ்த்தாற்போல் பாறையில் அப்பியிருக்கும் நத்தையும் வியப்புக்குரியதே. நீர் உள்ளபோது பாசியை மேய்ந்து திரிந்து, நீர் வற்றுமுன் தன் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் வகைகள் இவ்வினத்தில் உள்ளன. ஓட்டின் விளிம்பும் பாறையின் தழும்பும் பூட்டும் சாவியுமாகப் பொருந்துவதால் ஈரம் வெளியேறாது. விளையாட்டாகக்கூட இதை நெம்பி எடுக்கலாகாது. இடம் பெயர்ந்தால் அதற்கு அழிவே.

குட்டையின் அடியில் பூத்திருக்கும் கடல் சாமந்தி மலரன்று, விலங்கு. இதழ்கள் போல் தோன்றுபவை இரையைக் கொட்டிப் பிடிக்கும் கைகள். உண்பதற்கும் கழிவை வெளியேற்றுவதற்கும் அதற்கு ஒரே வாய்தான். நீர் வற்றினால் கைகளை உள்ளிழுத்து, சதைக்குமிழி போல் சுருங்கிவிடும். நட்சத்திர மீனோ மீனே அன்று. அதன் அடியிலுள்ள நூற்றுக்கணக்கான குழற்கால்கள் நீரழுத்தத்தால் இயங்குகின்றன. அதன் வகைகள் பல, இரைப்பையை வாய்வழியே வெளியே நீட்டிச் சிப்பியைச் செரித்துவிட்டு மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அதற்கு உறவான கடல் முள்ளெலிக்கு அடிப்புறத்தில் ஐந்து பற்கள் பொருந்திய வாய். பாறையின் பாசியைச் சுரண்டி உண்பதற்கு அது போதும்.

காலியாக இல்லாத சங்குகள்

ஒரு மே மாதக் காலையில், மணப்பாட்டில், சில குடும்பங்களாக நாம் கரையில் இறங்கினோம். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிசு சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை இருப்பது அவ்வூரில்தான். நீர் நன்றாக வற்றியிருந்தது. நம்முடன் வந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி அரைமணி நேரத்தில் ஒரு பை நிறையச் சங்கும் சோழியும் திரட்டிவிட்டாள். வகுப்புத் தோழிகளுக்குக் கொடுக்கவேண்டும் என்பது அவள் ஆசை.

அருகே வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அதைக் கவனித்தார். “பாப்பா, பையில இருக்கிறதை அந்தக் குட்டையில கொஞ்ச நேரம் போட்டு வச்சுப் பாரு” என்றார். அவள் போட்டாள். எல்லாரும் சுற்றி அமர்ந்தோம். முதலில் ஒன்றும் நிகழவில்லை. பின்னர் ஒரு சங்கு அசைந்தது. அதன் வாயிலிருந்து செந்நிறக் கால்கள் எட்டிப் பார்த்தன. அடுத்து வேறொன்று. எண்ணிப் பார்த்தால், திரட்டிய பதினொரு சங்குகளில் நான்கு நடந்துகொண்டிருந்தன.

துறவி நண்டு எனப்படும் உயிர் அது. முன்னுடலுக்கு ஓடுண்டு, பின்னுடலோ மென்மையாகச் சுருண்டது. ஆகையால் இறந்த நத்தையின் ஓட்டுக்குள் புகுந்து, அதையே சுமந்து வாழ்கின்றது. உடல் வளர வளரப் பெரிய ஓடு தேவை. தக்க ஓடு ஒன்று கரையில் ஒதுங்கினால், பல நண்டுகள் அதனருகே கூடி, அளவுக்கேற்ப வரிசையாக நிற்பதை அறிஞர் கண்டுள்ளனர். பெரியது புதிய ஓட்டுக்குள் மாறியதும், அது விட்ட ஓட்டுக்குள் அடுத்தது மாறும். அடுத்ததன் ஓட்டுக்குள் அதற்கடுத்தது. ஒரு சங்கு பல நண்டுகளுக்கு வீடு மாற்றித் தருகின்றது. ஓடு கிடைக்காத நண்டுகள் நெகிழிப் புட்டி மூடிகளைச் சுமந்து திரியும் அவலத்தையும் உலகின் பல கரைகளில் கண்டிருக்கின்றனர்.

சிறுமியின் கையில் மிக அழகான சங்கு ஒன்று எஞ்சியிருந்தது. “இதில் யாரும் இல்லையே தாத்தா, இதை எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டாள். பெரியவர் வலையிலிருந்து கையை எடுக்கவில்லை. “இன்னைக்கு யாரும் இல்லம்மா. நாளைக்கு ஒருத்தன் வீடு தேடி வருவான்ல” என்றார். அவள் முகம் வாடியது. சற்றுப் பொறுத்து அவரே சொன்னார்: “உடைஞ்சதை எடுத்துக்கோ. அதுக்குள்ள எந்த நண்டும் குடியிருக்காது.” நெடுநேரம் தயங்கியபின் அவள் சங்கைக் குட்டையில் விட்டாள். உடைந்த சிப்பித் துண்டுகளில் உள்ளே முத்துப்போல் மின்னுவனவற்றைத் தேடிப் பொறுக்கிக்கொண்டாள். தோழிகளுக்கு அவை போதுமானவையாகவே இருந்தன.

ஒரு குழந்தை ஒரு சங்கை எடுப்பதால் கடல் வற்றிவிடாது என்பது உண்மையே. ஆனால் கரைக்கு வருவோர் ஆயிரக்கணக்கானோர். ஸ்பெயின் நாட்டின் மத்தியதரைக் கடற்கரை ஒன்றில் முப்பதாண்டு இடைவெளியில் இருமுறை சிப்பிகளை எண்ணிய ஆய்வு 2014-இல் வெளியாயிற்று. சுற்றுலாப் பயணியர் ஏறத்தாழ மும்மடங்கான அக்காலத்தில், கரையிலிருந்த சிப்பி ஓடுகள் பாதிக்கும் மேலாகக் குறைந்துவிட்டன. ஓடுகள் நண்டுக்கு வீடு மட்டுமல்ல. பாசிக்கும் சிற்றுயிர்க்கும் பற்றுக்கோடு. நாளடைவில் நொறுங்கிக் கரையின் மணலுமாகின்றன.

நம் வாசலில் ஒரு கருவூலம்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள மன்னார் வளைகுடா, நாட்டின் வளமிக்க கடற்பகுதிகளுள் ஒன்று. அங்குள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளையும் உள்ளடக்கி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. 1989-இல் இப்பகுதி உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927-லேயே தனி நூல் வெளியிட்டது. முதுகெலும்புள்ளவைக்கும் அற்றவைக்கும் உள்ள உறவை விளக்கும் பலனோகிளாசசு என்னும் புழுவுருவ உயிர் அத்தீவின் மணலில் கிடைத்ததால், விலங்கியல் மாணவர் தலைமுறை தலைமுறையாக அங்குச் சென்று வந்தனர். 1947-இல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் தன் தொடக்கக் காலத்தில் அருகிலுள்ள மண்டபத்திலிருந்தே பணியாற்றியது.

இக்கருவூலம் குறையாததன்று. தூத்துக்குடியில் இறுதியாக முத்துக்குளித்தது 1961-இல். பவளப் பாறைகள் சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டன. கரையை அலையிலிருந்து காக்கும் அரண் அதனால் மெலிந்தது. 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. மணலை விழுங்கி அதிலுள்ள மக்கிய பொருளை உண்டு, கடலடியைத் தூய்மை செய்யும் கடல் அட்டைகள் வெளிநாட்டு விற்பனைக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டன. 2001-இல் கடல் அட்டை, கடல் குதிரை, பவளம், சில அரிய சங்கு வகைகள் ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. உயிரோடாயினும் உலர்த்தியாயினும் பவளத்தை எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். கடைகளில் அழகுப்பொருளாக யாரேனும் நீட்டினாலும் மறுத்துவிடுவதே முறை.

இக்கரை பலருக்கு உணவளிக்கும் வயலுமாகும். இராமநாதபுரம் மாவட்டக் கரையில் பெண்கள் ஆழமற்ற நீரில் மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி போன்றவற்றைக் கையால் பறித்துப் பிழைக்கின்றனர். அவர்கள் தொழில் செய்யும் இடத்தில் நாம் விருந்தினர். காயும் வலைமேல் நடவாமலும், உலரும் பாசியைக் கலைக்காமலும், கரையில் குப்பை போடாமலும் இருக்கப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பெற்றோர் கடமை.

பெற்றோர் கவனத்திற்கு

நீர் மிக வற்றும் நேரத்துக்கு ஒரு மணி முன்பாகச் சென்று, நீர் ஏறத் தொடங்கியதும் திரும்பிவிடுங்கள். பாசி படர்ந்த பாறை வழுக்கும். பிடிப்புள்ள காலணி தேவை. எந்நேரத்திலும் கடலுக்கு முதுகு காட்டி நிற்கவேண்டாம். சிறுவரைத் தனியே விடவேண்டாம்.

கல்லைப் புரட்டினால், அடியில் வாழும் உயிர் வெயிலில் மாய்ந்துபோகும். மெல்லத் தூக்கிப் பார்த்து, இருந்தபடியே திரும்ப வையுங்கள். ஓர் உயிரை நன்கு காண விரும்பினால், வெண்ணிறத் தட்டொன்றில் கடல்நீரோடு ஒரு நிமிடம் வைத்துப் பார்த்து, எடுத்த இடத்திலேயே விடுங்கள். புட்டியில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவரும் உயிர் பிழைக்காது. நீர் சூடேறி, மூச்சுக்காற்றுக் குறைந்து மடிந்துவிடும்.

கூம்பு வடிவான, அழகிய கோலமுடைய சங்கு உயிரோடிருந்தால் தொடவே கூடாது. அவ்வினத்தில் மனிதரையே கொல்லத்தக்க நஞ்சை ஊசிபோல் செலுத்துபவை உள்ளன. நீலநிறப் பை போன்றும், கண்ணாடிக் குடை போன்றும் ஒதுங்கிக் கிடக்கும் சொறிகள், இறந்தபின்னும் கொட்டும். கொட்டிவிட்டால் தேய்க்காமல் கடல்நீரால் கழுவி, ஒட்டிய இழைகளை வெறுங்கையால் தொடாது நீக்குங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ தோன்றினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

மற்றொன்றையும் பிள்ளைகள் அறிந்திருக்கவேண்டும். ஓதம் இறங்குவது மெதுவாக, மணிக்கணக்கில் நிகழ்வது. என்றேனும் கடல் சட்டென வெகுதூரம் உள்வாங்கினால் அது ஓதமன்று. மீன் துள்ளுவதைப் பார்க்க நில்லாமல், உடனே மேடான இடத்துக்கு ஓடவேண்டும். 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாளை மறவாத கரை நம்முடையது.

ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் உடன் கொண்டுசெல்லுங்கள். கண்ட உயிரை வரையட்டும். எந்த மாடியில் வாழ்ந்தது, எத்தனை இருந்தன, எந்நாள், எந்நேரம் என்று பிள்ளைகள் எழுதட்டும். அடுத்த ஆண்டும் அதே பாறைக்குச் சென்று எண்ணினால், கூடியதா குறைந்ததா என்பதைத் தாமே அறிவர். எடுத்து வந்த சங்கு சில மாதங்களில் அலமாரியில் தூசு படியும். எழுதி வைத்த ஏடோ ஆண்டுதோறும் மதிப்பு ஏறும்.

இவ்விதழைக் கீழே வைக்குமுன், சுவரிலுள்ள நாள்காட்டியில் அடுத்த பௌர்ணமி என்று வருகின்றது எனப் பாருங்கள். அது விடுமுறை நாளாக அமைந்தால், கட்டுச்சோற்றோடு குடும்பமாகப் புறப்படலாம்.